சாக்பீஸ் போல உதிரும் சுவர்: பழைய மோட்டார்ஹோமுக்குப் பளபளப்பைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி

கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, உள்ளே வீடு போலத் தங்கும் வசதி செய்த வண்டியான பழைய மோட்டார்ஹோம் மேல் ஒரு நிமிடம் சாய்ந்து நின்றால் போதும், அதன் வயது தெரிந்துவிடும். எங்கள் வண்டியை வாங்கிய முதல் வாரம் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. தோள்பட்டை முழுக்க வெள்ளை மாவு. என் மகள் சுவரில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, சாக்பீஸ் மாதிரி ஒட்டுதுப்பா" என்றாள். தொழிலில் இருப்பவர்களும் இதற்குச் 'சாக்கிங்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது.

வண்டி 8 மீட்டர் நீளம், 22 வயது. ஃபைபர்கிளாஸ் சுவர், வெள்ளை நிறம், இடுப்பு உயரத்தில் ஒரு நீலப் பட்டை. எஞ்சின் நன்றாக இருந்தது, உள்ளே மரவேலை நன்றாக இருந்தது. வெளியே மட்டும் சுண்ணாம்பு அடித்த பழைய மதில் மாதிரி இருந்தது. எல்லோரும் முதலில் செய்வதைத்தான் நானும் செய்தேன். கழுவினேன், காய்ந்ததும் நல்ல கார் வாக்ஸ் வாங்கி இரண்டு நாள் முழுக்கத் தேய்த்தேன். அன்று மாலை வண்டி மின்னியது. ஐந்து வாரத்தில் மூன்று மழை பெய்தது. வெயில் படும் பக்கம் திட்டுத் திட்டாக மறுபடி வெளுத்துவிட்டது. வாக்ஸ் நின்ற இடம் ஒரு நிறம், போன இடம் ஒரு நிறம் என்று தேமல் விழுந்த முதுகு மாதிரி ஆகிவிட்டது.

ஃபைபர் படகுகளைப் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரை அழைத்துவந்து காட்டினேன். சுவரைத் தடவிப் பார்த்தார். "தம்பி, செத்த தோலு மேல எண்ணெய் தடவினா எத்தனை நாளைக்கு நிக்கும்? அத எடுத்துட்டு அப்புறம் தடவு."

"எவ்வளவு ஆழம் எடுக்கணும் ஐயா?"

"தண்ணியக் கேளு, அது சொல்லும்" என்று ஒரு குவளைத் தண்ணீரை நீலப் பட்டையில் வீசினார். சாம்பல் பூத்துக் கிடந்த பட்டை கண் முன்னால் அடர் நீலமாக மாறியது. இரண்டு நிமிடத்தில் காய்ந்து மறுபடி வெளுத்தது. "பாத்தியா? நிறம் உள்ளதான் இருக்கு. மேல உள்ள வெளுப்பு மட்டும் போகணும்."

இந்தத் தண்ணீர்ச் சோதனையை உங்கள் வண்டியில் முதல் வேலையாகச் செய்யுங்கள். வெளுத்த பரப்பில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் பட்டு ஒளி நாலாபக்கமும் சிதறுவதால்தான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் குழிகளை நிரப்பியதும் சிதறல் நின்று, அடியில் உள்ள நிறம் வெளியே வருகிறது. ஈரமாக இருக்கும்போது நிறம் முழுதாகத் திரும்பினால், பாலிஷ் செய்தாலும் ஏறக்குறைய அந்த அளவுக்குத் திரும்பும். ஈரத்திலும் திட்டுத் திட்டாகவே இருந்தால் பாதிப்பு ஆழமாகப் போயிருக்கிறது, உப்புத்தாள் போடாமல் வேலை நடக்காது.

என்ன சுவர் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மோட்டார்ஹோம் சுவர் எல்லாமே ஒன்று அல்ல, இதில் தவறினால் மற்ற எல்லாம் தவறிவிடும். ஃபைபர்கிளாஸ் சுவரின் வெளித்தோல் பெரும்பாலும் ஜெல்கோட். நிறம் கலந்த பாலியெஸ்டர் ரெசின் அது. பொதுவாக அரை மில்லிமீட்டர் அளவுக்குக் கனமாக இருக்கும். கார்களில் நிறத்துக்கு மேல் கண்ணாடி போலப் பூசியிருக்கும் கிளியர் கோட்டோ 0.05 மில்லிமீட்டர் சுமார்தான். பத்து மடங்கு வித்தியாசம். அதனால்தான் ஜெல்கோட்டைத் தைரியமாகத் தேய்க்க முடிகிறது. ஆனால் அது நுண்துளைகள் உள்ள பொருள், காப்பு இல்லாமல் விட்டால் கார் பெயின்ட்டைவிட வேகமாக வெளுக்கும். வெயிலின் புற ஊதாக் கதிர் மேல்பரப்பில் உள்ள ரெசினைச் சிதைக்கிறது, பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் நிறத்தூள் தனியே உதிர்கிறது. கையில் ஒட்டும் மாவு அதுதான்.

ஒரு கறுப்புப் பனியன் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைச் சுவரில் வெள்ளைத் தூள், நீலப் பட்டையில் நீலத் தூள் என்று நிறமாகவே வந்தால் அது ஜெல்கோட் அல்லது கிளியர் கோட் இல்லாத ஒற்றைப் பூச்சுப் பெயின்ட். இரண்டையும் காப்பாற்றலாம். தூள் எதுவும் வராமல் மேலே பால் ஏடு போல மங்கலாக மட்டும் இருந்தால் கிளியர் கோட் உள்ள பெயின்ட், அதை மென்மையாகத்தான் கையாள வேண்டும். வெயிலில் உரிந்த தோல் மாதிரி கிளியர் கோட் செதில் செதிலாக எழும்பியிருந்தால் பாலிஷ் வேலையைத் தொடவே வேண்டாம். அந்த இடத்தைச் சுரண்டி மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வழி கிடையாது. மேல்பரப்பைத் தேய்த்து எடுக்கும் பசையான காம்பவுண்ட் எத்தனை விலை உயர்ந்ததாக இருந்தாலும் எழும்பிய கிளியர் கோட்டை ஒட்டவைக்காது.

இன்னொரு வகை, வரி வரியாக மடிப்பு வைத்த அலுமினியத் தகட்டுச் சுவர். பழைய வண்டிகளில் நிறைய உண்டு. அதன் பெயின்ட்டும் மாவாக உதிரும், ஆனால் மிக மெல்லியது. மடிப்புகளின் முதுகில் பாலிஷ் மெஷின் பட்டால் நொடியில் உலோகம் தெரியும். அதற்குக் கை வேலை மட்டுமே, மென்மையான பாலிஷ் மட்டுமே. கீழே நான் மெஷின் பற்றிச் சொல்வது எல்லாம் ஜெல்கோட்டுக்கு.

கூரையிலிருந்து தொடங்குங்கள்

சுவரைக் கழுவும் முன் கூரையைக் கழுவ வேண்டும். கூரை அழுக்கு முழுவதும் சுவர் வழியாகத்தான் கீழே இறங்குகிறது. சன்னல் மூலைகளுக்குக் கீழே கறுப்புக் கோடுகள் வழிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதன் ஊற்று மேலே இருக்கிறது. கூரை இ.பி.டி.எம். ரப்பராக இருந்தால் பெட்ரோலியக் கரைப்பான் கலந்த எந்தக் கிளீனரும் படக்கூடாது, ரப்பர் ஊதிவிடும். மிதமான சோப்பும் நடுத்தரப் பிரஷும் போதும். நீங்கள் கூரையில் தேய்க்கும்போது இன்னொருவர் கீழே நின்று சுவரைத் தொடர்ந்து நனைத்துக்கொண்டே இருந்தால் வழியும் அழுக்கு ஒட்டாது. எங்கள் வீட்டில் ஹோஸ் பைப் மகள் பொறுப்பு.

சுவருக்கு வழக்கமான கார் ஷாம்பு வேண்டாம். இந்த ஒருமுறை மட்டும் பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு. பழைய வாக்ஸின் மிச்சத்தை ஓரளவு எடுத்துவிடும் என்பதால்தான் இது, வழக்கமான கழுவலுக்கு அது ஆகாது. துரு வழிந்த பழுப்புக் கறை இருந்தால் ஆக்சாலிக் அமிலம் கலந்த படகுக் கிளீனர் நன்றாக எடுக்கும். கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், சொன்ன நேரத்துக்கு மேல் ஊறவிடாமல் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். பிரஷர் வாஷரை ஸ்டிக்கர் ஓரத்திலும் சன்னல் ரப்பரிலும் இடுக்குகளை அடைக்கும் சீலன்ட் மேலும் நேராகப் பிடிக்காதீர்கள். 20 வருடப் பழைய சீலன்டுக்குள் ஒருமுறை தண்ணீர் புகுந்தால் சுவருக்குள் இருக்கும் மரச்சட்டம் உளுத்துப்போகும், அந்தச் சேதத்துக்கு முன்னால் வெளுத்த சுவர் ஒரு பிரச்சினையே இல்லை. கழுவும்போதே சன்னல், விளக்கு, கூரை விளிம்பு எல்லா இடத்திலும் சீலன்டை நகத்தால் அழுத்திப் பாருங்கள். வெடித்திருந்தால், எழும்பியிருந்தால் குறித்துவையுங்கள். புதிய சீலன்டைப் பாலிஷ் வேலை முடிந்த பிறகு, ஆனால் வாக்ஸ் போடும் முன் வையுங்கள். வாக்ஸ் மேல் சீலன்ட் பிடிக்காது.

ஸ்டிக்கர், டேப்

வெடித்துச் சுருண்ட பழைய ஸ்டிக்கர் பட்டைகளை இப்போதே எடுத்துவிடலாம். ஹேர் டிரையர் சூடு போதும். ஓரத்தைச் சூடாக்கி, நகம் நுழையும் அளவுக்கு இளகியதும், சுவரோடு படிந்த மாதிரி தாழ்வாக மெதுவாக இழுக்க வேண்டும். இரும்பு பிளேடு வேண்டாம், பிளாஸ்டிக் பிளேடு வாங்கிக்கொள்ளுங்கள். பசை மிச்சத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடைக்கலாம். ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் புதுசாக, சுற்றிலும் வெளுத்துப்போய் அதன் நிழல் தெரியும். பாலிஷ் செய்தால் பெரும்பகுதி மறையும். சில கோணத்தில் கொஞ்சம் தெரியலாம், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். அதைத் துரத்திக்கொண்டு ஆழமாகத் தேய்த்தால் ஜெல்கோட் மெலிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மோட்டார்ஹோம் சன்னல்கள் பலவும் கண்ணாடி அல்ல, அக்ரிலிக். ஆல்கஹாலோ அமோனியா கலந்த கிளீனரோ பட்டால் அக்ரிலிக்கில் முடி இழை போல விரிசல்கள் ஓடும், திரும்பச் சரியாகாது. வேலை தொடங்கும் முன் எல்லா சன்னலுக்கும் பிளாஸ்டிக் ஷீட் போர்த்தி டேப் ஒட்டிவிடுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பட்டைகள், ரப்பர் விளிம்புகள், பூட்டுகள், கதவுக் கீல்கள் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப். காம்பவுண்ட் கறுப்பு ரப்பரில் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும், பல் தேய்க்கும் பிரஷால் ஒரு நாள் முழுக்கச் சுரண்ட வேண்டியிருக்கும். டேப் ஒட்டுவதற்கு எனக்கு முக்கால் நாள் பிடித்தது, ஒரு நிமிடம்கூட வீண் இல்லை.

இரண்டடிச் சதுரம்

மெஷினை எடுத்துக்கொண்டு வண்டியின் முன்பக்கத்திலிருந்து தொடங்கிவிடாதீர்கள். கண்ணில் அதிகம் படாத இடத்தில், ஆனால் வெயில் நன்றாகப் பட்ட இடத்தில், 60 செ.மீ. சதுரத்துக்கு டேப் ஒட்டி அதற்குள் எல்லாவற்றையும் முயன்று பாருங்கள். மிக மென்மையானதிலிருந்து தொடங்குங்கள். முதலில் பாலிஷ் மட்டும். பற்றவில்லையா, நடுத்தரக் காம்பவுண்ட். அதுவும் பற்றவில்லையா, கரடான காம்பவுண்டும், மெஷினில் மாட்டும் கம்பளி பேடும். அதற்கும் மசியவில்லை என்றால்தான் தண்ணீர் போட்டுத் தேய்க்கும் உப்புத்தாள். கடைகளில் வாட்டர் பேப்பர் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

எங்கள் வண்டியில் பெரும்பாலான சுவருக்குக் கரடான காம்பவுண்டே போதுமாக இருந்தது. வெயில் நேராக விழும் முன் நெற்றிப் பகுதியும் பின்புற மேல் வளைவும் மட்டும் உப்புத்தாள் கேட்டன. 1000 எண் தாளில் தொடங்கி 1500, பிறகு 2000. சோப்புத் தண்ணீர் வாளியில் தாளை ஊறவைத்து, ரப்பர் கட்டையில் சுற்றி, கையால் மட்டும் தேய்த்தேன். ஈரத்தில் மின்சார மெஷின் ஆபத்து. 1000 எண்ணில் ஒரு திசை, 1500-இல் அதற்குக் குறுக்கே என்று மாற்றிக்கொண்டால் முந்தைய தாளின் கீறல் எல்லாம் போய்விட்டதா என்று கண்ணுக்குத் தெரியும். வழியும் தண்ணீர் ஆரம்பத்தில் பால் மாதிரி ஓடும், செத்த அடுக்கு போகப் போக நீர்த்துவிடும். அந்த மாற்றம் தெரிந்தவுடன் கையை நிறுத்திவிடுங்கள். தேய்த்து முடித்த இடம் ஒரே சீராக மங்கலாக இருக்கும். நடுவில் பளபளவென்று தீவு போல ஒரு புள்ளி தெரிந்தால் அங்கே தாள் படவில்லை என்று அர்த்தம்.

மெஷின் வேலை

இரண்டு வகை மெஷின் உண்டு. ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி வேகமாக வெட்டும், ஜெல்கோட்டின் கடினத்துக்கு அதுதான் பொருத்தம். ஆனால் ஒரே இடத்தில் நிறுத்தினால் சூடேறி எரித்துவிடும். சுற்றிக்கொண்டே ஆடவும் செய்கிற டூயல் ஆக்‌ஷன் மெஷின் மெதுவானது, அதில் எரிப்பது கடினம். முதல்முறை செய்பவருக்கும் கிளியர் கோட் உள்ள வண்டிக்கும் டூயல் ஆக்‌ஷன் என்பதே என் சொல். நேரம் அதிகம் ஆகும், ஆகட்டும். நான் ரோட்டரியில் கம்பளி பேடு போட்டு வெட்டினேன், டூயல் ஆக்‌ஷனில் ஃபோம் பேடு போட்டு முடித்தேன்.

நேரத்தை முன்பே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் 8 மீட்டர் வண்டியில் சன்னல் போகத் தேய்க்க வேண்டிய பரப்பு ஏறக்குறைய 40 சதுர மீட்டர். 60 செ.மீ. சதுரமாகப் பிரித்தால் 110 சதுரம். ஒன்றுக்கு 6, 7 நிமிடம் என்றால் காம்பவுண்ட் மட்டுமே 12 மணி நேரம். தோள் தாங்கும் அளவுக்கு ஒரு நாளைக்கு 3 மணி நேரம் வைத்துக்கொண்டேன். கழுவலில் இருந்து கடைசி வாக்ஸ் வரை 11 நாள் ஆயிற்று. ஒரே வார இறுதியில் முடித்துவிடலாம் என்று இறங்கினால் கடைசிச் சுவரில் கை சோர்ந்து தவறு நடக்கும்.

சுவர் கைக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். வெயிலில் காம்பவுண்ட் பேடில் பரவும் முன்பே காய்ந்து மணலாகிவிடும். காலையில் மேற்குப் பக்கம், மாலையில் கிழக்குப் பக்கம் என்று நிழலோடு நகர்ந்துகொண்டேன்.

இப்போது ஒரு சதுரத்தைப் பக்கத்தில் வந்து பாருங்கள். கம்பளி பேடில் பட்டாணி அளவில் நாலைந்து பொட்டுக் காம்பவுண்ட். மெஷினை ஓட்டாமலே அதைச் சுவரில் நாலு இடத்தில் ஒற்றிப் பரப்புங்கள், இல்லாவிட்டால் மெஷின் ஓடியதும் பாதி உங்கள் முகத்தில். பிறகு மிகக் குறைந்த வேகத்தில் தொடங்கி, பரவியதும் நிமிடத்துக்கு 1200-லிருந்து 1500 சுற்றுக்கு ஏற்றுங்கள். இடமிருந்து வலம், ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதியை மூடுகிற மாதிரி. சதுரம் முடிந்ததும் மேலிருந்து கீழ், அதே மாதிரி. ஒரு நொடிக்கு நாலைந்து விரல் அகலம் நகர்ந்தால் சரியான வேகம். மெஷினின் சொந்த எடையும் அதற்கு மேல் ஒரு கை எடையும் போதும். ஆரம்பத்தில் காம்பவுண்ட் பிசுபிசுவென்று வெள்ளையாக இருக்கும். மூன்றாவது சுற்றில் அது மெலிந்து கண்ணாடி போலத் தெரிய ஆரம்பிக்கும், மெஷின் சத்தமும் கரகரப்பிலிருந்து மெல்லிய முனகலாக மாறும். எனக்குக் கண்ணைவிடக் காதுதான் முதலில் சொன்னது. சத்தம் மாறியதும் அழுத்தத்தைக் குறைத்து ஒரு சுற்று, பிறகு நிறுத்தித் துடைத்துப் பார்க்க வேண்டும். நீலப் பட்டையில் முதல் சதுரத்தைத் துடைத்தபோது அதில் என் மகளின் மஞ்சள் ஹோஸ் பைப் தெரிந்தது. அதன் பக்கத்தில் டேப்புக்கு அந்தப்புறம் சாம்பல். அந்தக் கோட்டை அவள் அன்று முழுக்க எல்லோரையும் அழைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டு மூன்று சதுரத்துக்கு ஒருமுறை பேடைச் சுத்தம் செய்யுங்கள். உதிர்ந்த செத்த தூளும் காய்ந்த காம்பவுண்டும் கம்பளியில் கட்டிதட்டி நின்றால் அது வெட்டாது, சூடேற்றவும் கீறவும் மட்டுமே செய்யும். பல் சக்கரம் வைத்த சுத்தம் செய்யும் கருவி கிடைக்கும். இல்லையென்றால் கடினமான பிளாஸ்டிக் பிரஷ். வண்டியை விட்டுத் தள்ளிப்போய்ச் செய்யுங்கள், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். பறப்பது ரெசின் தூள், நுரையீரலுக்கு நல்லதல்ல. குறைந்தது மூன்று கம்பளி பேடாவது கையில் இருக்க வேண்டும்.

விளிம்புகளைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். வார்ப்பில் வந்த முகடுகள், கதவு ஓரங்கள், விளக்குக் குழியின் உதடுகள், இங்கெல்லாம் ஜெல்கோட் மெல்லியதாக இருக்கலாம். மெஷினின் முழு அழுத்தமும் அந்த ஒரு கோட்டில் விழும். எட்டாவது நாள், பின் விளக்குக்கு மேலே உள்ள முகட்டில் ஒரு நொடி கூடுதலாக நின்றுவிட்டேன். நாணயம் அளவுக்கு வெள்ளை போய், அடியில் கண்ணாடி இழையின் பின்னல் பழுப்பாகத் தெரிந்தது. வயிறு கலங்கிவிட்டது. நிறம் பொருந்திய ஜெல்கோட்டும் அதன் ஹார்டனரும் வாங்கி அந்த இடத்தை நிரப்பினேன். காற்றுப் படும் பக்கம் ஜெல்கோட் முழுதாக இறுகாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும் என்பதால், மேலே ஒரு பிளாஸ்டிக் தாளை வழுவழுப்பாக ஒட்டி மூடி வைக்க வேண்டும். இறுகிய பிறகு தாளை உரித்து, 1000, 1500, 2000 தேய்த்துச் சமன் செய்தேன். இப்போது தேடினால்தான் தெரியும். ஆனால் அதைச் செய்ய ஒன்றரை நாள் போயிற்று. எல்லா முகட்டுக்கும் முன்கூட்டியே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, சுற்றியுள்ள சமதளத்தை மெஷினால் முடித்து, கடைசியில் டேப்பை எடுத்து முகடுகளைக் கையால் மட்டும் தேய்ப்பதே சரியான முறை. மீதி முகடுகளை அப்படித்தான் செய்தேன்.

உயரமான பகுதிக்கு ஏணியில் நின்று மெஷின் ஓட்டாதீர்கள். இரண்டு கையும் மெஷினில் இருக்கும்போது பிடிப்புக்கு எதுவும் இல்லை, ரோட்டரியோ பக்கவாட்டில் இழுக்கும். இரண்டு முக்காலிக்கு நடுவே அகலப் பலகை போட்ட சிறு சாரம் போதும். ஒயரைத் தோள் மேல் போட்டுக்கொள்ளுங்கள், சுவரில் உரசாது, பேடிலும் சிக்காது.

துடைத்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்

காம்பவுண்ட் முடிந்த சுவர் எப்போதும் உண்மையைவிட அழகாகத் தெரியும். அதில் உள்ள எண்ணெய் நுண்கீறல்களை நிரப்பி மறைக்கிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து, சன்னலில் படாமல், மைக்ரோஃபைபர் துணியில் தெளித்துத் துடைத்தால் உண்மை நிலை தெரியும். சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைச் சுவரில் எதுவும் பெரிதாகத் தெரியாது. நீலப் பட்டையில் ரோட்டரி விட்டுச்சென்ற சுழல் கோடுகள் சிலந்தி வலை மாதிரி தெரிந்தன. அதற்குத்தான் இரண்டாவது சுற்று: மென்மையான ஃபோம் பேடு, மெல்லிய பாலிஷ், டூயல் ஆக்‌ஷன் மெஷின். இது பாதி நேரத்தில் முடியும், சுகமான வேலையும்கூட. வெள்ளைப் பகுதிக்கு இந்தச் சுற்று வேண்டாம் என்று விடுபவர்கள் உண்டு. நான் விடவில்லை. வழவழப்பான பரப்பில் அழுக்கு குறைவாகத் தங்குகிறது.

கடைசிப் பூச்சு

முதல்முறை வீணான வாக்ஸ் இப்போது தன் வேலையைச் செய்யும், ஏனென்றால் அது பிடித்துக்கொள்ள உறுதியான பரப்பு கிடைத்துவிட்டது. கர்னாபா மெழுகு நல்ல ஆழமான மினுமினுப்பு தரும், ஆனால் வெளியே நிற்கும் வண்டியில் இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பாலிமர் சீலன்ட் (இடுக்கை அடைப்பது அல்ல, வாக்ஸ் போலச் சுவரில் பூசுவது) ஆறு மாதம் சுமார். செராமிக் பூச்சு அதைவிட நெடுநாள் நிற்கும். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாத சுவரில், சொன்ன வெப்பநிலையில், சொன்ன நேரத்துக்குள் துடைத்து எடுக்க வேண்டும். தவறினால் திட்டாக இறுகிவிடும், மறுபடி பாலிஷ் செய்துதான் எடுக்க வேண்டும். இத்தனை பெரிய வண்டியில் முதல்முறையே அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாலிமர் சீலன்ட் இரண்டு பூச்சு, நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டுப் போட்டேன்.

தரைக்குப் போடும் அக்ரிலிக் பாலிஷைச் சுவரில் ஐந்தாறு மெல்லிய பூச்சாகத் தடவிவிட்டால் போதும், மெஷினே வேண்டாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். தண்ணீர்ச் சோதனையில் பார்த்த அதே தந்திரம் இது: குழிகளை நிரப்பி மறைப்பது. செய்த புதிதில் அருமையாக இருக்கும், செலவும் உழைப்பும் குறைவு. ஆனால் சரியாகச் சுத்தம் செய்யாத சுவரில் அது பிறகு மஞ்சளாகி உரியும், அதைக் கரைத்து எடுக்க அமோனியா கலந்த ஸ்டிரிப்பர் தேவைப்படும், அந்த ஸ்டிரிப்பர் அக்ரிலிக் சன்னலுக்கு ஆகாது. உடம்பு ஒத்துழைக்காதவர்கள், வண்டியை ஓரிரு வருடத்தில் கைமாற்றப் போகிறவர்கள் அதைச் செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வைத்து ஓட்டப் போகிற வண்டிக்கு நான் செய்ய மாட்டேன்.

பிறகு

வேலை முடிந்ததும் கூரைத் தண்ணீர் வடியும் மூலைகளில் நீட்டு மூக்கு மாதிரி சின்ன வடிகுழாய் முனைகள் பொருத்தினேன். தண்ணீர் சுவரை ஒட்டி வழியாமல் தள்ளி விழுகிறது, கறுப்புக் கோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. கழுவுவதற்கு இப்போது கார் ஷாம்பு மட்டும்தான், பாத்திர சோப்பு கிடையாது. வண்டி நிற்கும் திசையையும் மாதம் ஒருமுறை மாற்றுகிறேன், ஒரே பக்கம் வருடம் முழுக்க வெயில் வாங்காமல் இருக்க.

பாலிமர் சீலன்ட் தீர்ந்துவிட்டதா என்று நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கழுவிய பிறகு தண்ணீர் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். உருண்டை உருண்டையாகத் திரண்டு ஓடினால் காப்பு இருக்கிறது. தட்டையாகப் படர்ந்து ஈரமாகவே நின்றால் அடுத்த பூச்சுக்கு நேரம். இதை முதலில் முன் நெற்றியில் பாருங்கள், எங்கள் வண்டியில் எப்போதும் அங்கேதான் முதலில் போகிறது. நடுவில் ஒருமுறை அந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு பூச்சு போட்டுவிடுகிறேன், அரை மணி நேர வேலை. அதே கறுப்புப் பனியன் துணி வண்டியின் கருவிப் பெட்டியில் இருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் மகள் அதை எடுத்துச் சுவரில் தேய்த்துப் பார்க்கிறாள். இந்த வருடமும் துணி கறுப்பாகவே இருந்தது.